சென்னையில் பதினான்கு மணி நேரம்

நெட்டுக்குப்பம்
14 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி மணி பதினொன்றரை. நம் மாயா பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள். அவள் தூங்கினால்தான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது. அத்தை, நான், மாயா மூவரும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கொடுத்துவிட்ட தைலம் எப்போதோ தீர்ந்திருக்கும்.

போன வாரம் நீங்கள் போனில் வந்தபோது படம் உறைந்து, வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டீர்கள். பாப்பா உங்கள் மூக்கைப் பிடிக்கப் போய் போனையே கட் செய்துவிட்டாள். "இனிமே மெயில்ல எழுது சினேகா, எப்படியும் வந்து சேரும்" என்று மெசேஜ் போட்டீர்கள். அதனால்தான் இப்படி லெட்டர்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். நாளை வரை பொறுக்க முடியவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வசதியானவர்கள் தீவுத் தீவாகப் போய் கோல்ஃப் ஆட, நாள், தங்கும் ரிசார்ட், மைதானம், வண்டி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே அடுக்கிக் கொடுக்கிறேன். நேரில் ஒரு கோல்ஃப் மைதானம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மொரிஷியஸில் எத்தனையாவது குழிக்குப் பக்கத்தில் கடல் வருகிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஜன்னலைத் திறந்தால் எனக்குத் தெரிவது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி.

இன்று மதியம் எங்கள் ஆபீஸ் ஜேக்கப் சார் ஒரு புது ஃபைல் அனுப்பினார். பெங்களூர் கிளப் ஒன்றிலிருந்து தொண்ணூறு பேர். ஜனவரியில் ஒரு சின்னக் கப்பலை முழுசாக எடுத்துக்கொண்டு, கொழும்பில் ஏறி லங்காவியில் இறங்குகிறார்கள். வழியில் எங்கே நிறுத்தி எங்கே ஆடலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கப்பலின் பெயரைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். உங்கள் கப்பல், மாமா.

கப்பலை வாடகைக்கு எடுத்த கூட்டம் கேட்கிற துறைமுகத்தில் அது நிற்குமாம். கேட்கிற துறைமுகத்தை எழுதப்போவது நான். சென்னையையும் ஒரு நாள் எழுதிவிட்டால்?

பாப்பா பிறந்தபோது நீங்கள் பழைய கப்பலில் இருந்தீர்கள். அது முடிந்ததும் வருவீர்கள் என்று பார்த்தோம். கோல்ஃப் வேலை கிடைக்கிறது, உடனே ஏறினால்தான் உண்டு என்று மே மாதம் அங்கிருந்தே இந்தக் கப்பலுக்கு மாறிவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு ஐந்து மாதம். பெற்ற அப்பா நீங்கள் அவளை இன்னும் தூக்கியதில்லை, அவ்வளவுதான்.

அத்தையிடம் சொன்னேன். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாடி சந்தேகம்? கப்பலு ஆர்பருக்கு வந்தா ஆளு வூட்டுக்கு வராம எங்க போவான்?" என்றார்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சினேகா


மாலே பக்கம், கடல்ல
29 ஜூலை

சினேகாவுக்கு,

நல்லா கீறேன். நீயும் அம்மாவும் வூட்ல எல்லாரும் நல்லா இருப்பீங்க. முதுகு பரவால்ல.

வேலை பழகிடுச்சு. மேல் தளத்துல பச்சைப் பாய் ஒட்டி ஒரு துண்டு மைதானம் கீது. காலைல அதைப் பெருக்கணும். ஆடற மட்டையெல்லாம் துடைச்சு அடுக்கணும். அப்புறம் ஒரு ரூமு. அங்க சுவரு பூரா திரை. பந்தை அடிச்சா திரைக்குள்ள பறந்து போற மாதிரி காட்டும். நேத்து ஒரு கெழவரு ரெண்டு மணி நேரம் ஆடிட்டு, "இன்னிக்கு ஸ்காட்லாந்துல ஆடினேன்"னு சொல்லிகினு சந்தோஷமா போனாரு. கீழ கடலு கப்பலை உருட்டுது, மேல இவரு ஸ்காட்லாந்துல நிக்கிறாரு.

என்கூட தௌசீஃப்னு ஒருத்தன் வேலை செய்றான். சென்னைல கல்மண்டபத்துக்காரன். ரெண்டு பேரும் நம்ம ஊரு பாஷைல பேசினா மத்தவங்க சண்டைன்னு நெனைச்சு வெலக்கி வுட வராங்க.

சென்னை பத்தி எழுதியிருந்த. பாக்கலாம்.

உடம்பைப் பாத்துக்க.

பாஸ்கர்


நெட்டுக்குப்பம்
10 ஆகஸ்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாயா குப்புற விழப் பழகிவிட்டாள். விழுந்த பிறகு திரும்பத் தெரியாமல் கத்துகிறாள். திருப்பிவிட்டால் மறுபடி விழுகிறாள். மூக்கு அழுந்துமோ என்று ராத்திரி நாலைந்து முறை எழுந்து பார்க்கிறேன். அத்தை திட்டுகிறார்: "நாங்கோ பெத்ததெல்லாம் கொழந்தை இல்லியா? தூங்குடி!"

நீங்கள் "பாக்கலாம்" என்று ஒரு சொல் எழுதியிருந்தீர்கள். அதையே நல்ல பதிலாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் வேலை முடிந்துவிட்டது!

ஜேக்கப் சார் முதலில், "சென்னைல என்னம்மா இருக்கு? இவங்க தீவு தீவா போறவங்க" என்றார். நூறு வருஷத்துக்கு மேல் பழைய மைதானம் இங்கே இருக்கிறது, பழைய கிளப் ஆட்களுக்குப் பழைய மைதானம் என்றால் உயிர், அங்கே ஆடினேன் என்று சொல்லிக்கொள்வதே ஒரு பெருமை என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பெங்களூர்க்காரர்களுக்குப் பிடித்துவிட்டது. கொழும்பு, திரிகோணமலை, சென்னை, புக்கெட், லங்காவி. சென்னை ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறுக்குக் கப்பலைக் கட்டி இரவு எட்டுக்கு அவிழ்க்கிறார்கள்.

பதினான்கு மணி நேரம், மாமா. ஆர்பரிலிருந்து நம் வீட்டுக்கு வர, கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினாலும் ஒன்றரை மணி. திரும்பிப் போக ஒன்றரை. மீதி பதினொன்று. அதில் நீங்கள் மூன்று மணி நேரம் தூங்கினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பாப்பாவுக்கு அது பதினோராவது மாதம். தை பிறந்து நாலு நாள். மொட்டையும் காதுகுத்தும் அன்றைக்கே என்று அத்தை முடிவு செய்துவிட்டார். ஒன்பதாவது மாதமே செய்யலாம் என்று சொன்னவர்களிடம், "அப்பங்காரன் கப்பலோட வரான், அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று பதில் சொல்கிறார். மடியில் உட்கார்த்திக்கொள்ள என் தம்பி வெற்றி அன்றைக்குத் தான் வேலை செய்கிற கன்டெய்னர் யார்டில் லீவு சொல்லிவிட்டான்.

உங்களுக்கு என்ன சமைக்க? எழுதுங்கள். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்
சினேகா


கடல்ல
15 செப்டம்பர்

சினேகாவுக்கு,

சௌக்கியமா? லேட்டா எழுதறேன், கோவிச்சிக்காத. ஒரு மாசமா காத்து சரியில்ல. கப்பல்ல பாதிப் பேருக்கு வாந்தி. எனக்கு ஒண்ணும் ஆவல, அப்பனோட படகுல போன ஒடம்பு இது.

புதுசா ஒரு கூட்டம் ஏறுச்சு. அதுல ஒருத்தரு மட்டைக்கெல்லாம் பேரு வெச்சிருக்காரு. நான் தொடைக்கும்போது பேரு சொல்லி எடுக்கணுமாம். தௌசீஃப் எல்லாத்தையும் மாத்திக் கூப்புட்டு வெறுப்பேத்தறான்.

ஒண்ணு. அம்மாவை ஊரெல்லாம் சொல்லிகினு இருக்க வேணாம்னு சொல்லு.

எல்லாரையும் கேட்டதா சொல்லு.

பாஸ்கர்


நெட்டுக்குப்பம்
20 செப்டம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு நன்றாக இருப்பதில் சந்தோஷம். நாங்களும் இப்போது நலம். "இப்போது" என்று ஏன் எழுதினேன் என்றால், செப்டம்பர் ஆரம்பத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று ஏறியது. திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. வெற்றி பைக்கில் முன்னால் போய் ஒவ்வொரு லாரிக்காரராகக் கதவைத் தட்டி, "அண்ணே, கொழந்தைண்ணே, கொஞ்சம் ஒதுக்குண்ணே" என்று கெஞ்சினான். ஒதுக்கினார்கள். அத்தை ஆட்டோவுக்குள் எல்லா அம்மனையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் "அப்பா எங்கே?" என்றார். "கப்பலில்" என்றேன். "நேவியா?" என்றார். "இல்லை சார், கோல்ஃப்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்தார். சாதாரணக் காய்ச்சல்தான். மூன்று நாளில் விட்டது. உங்களுக்கு அப்போதே எழுத நினைத்தேன். எழுதி என்ன, அங்கிருந்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து லெட்டர் வந்தது. காற்றைப் பற்றி இருந்தது. மட்டைகளின் பெயரைப் பற்றி இருந்தது. ஜனவரி பதினெட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இதுவரை எழுதிய இரண்டு லெட்டரிலும் "எல்லாரும்" என்றுதான் கேட்கிறீர்கள். மாயா என்று எழுதவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுச் சிலுவையம்மாள் அக்கா நேற்று குழாயடியில், "இன்னா கப்பக்காரன் பொண்டாட்டி, கப்பலு மட்டும் வருதா, உன் வூட்டுக்காரும் வராரா?" என்று சிரித்தார். கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குடம் பாதி நிரம்பும்போதே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நேராகவே கேட்கிறேன். உங்களுக்கு வர விருப்பம் இல்லையா? என்மேல் கோபமா? எதுவானாலும் எழுதிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

உங்கள்
சினேகா


துறைமுகத்துல
16 அக்டோபர்

சினேகாவுக்கு,

கொழந்தை காய்ச்சல் வுட்டதுல நிம்மதி. நீ எப்டி கீற? நான் நல்லா கீறேன்.

உன்மேல எனக்கு இன்னா கோவம்? மொதல் லெட்டர்லயே சொல்லியிருக்கணும். நீ அவ்ளோ சந்தோஷமா எழுதியிருந்த. கை வரல.

நம்ம குப்பத்துல படகைக் கட்டினா ஆளு வூட்டுக்கு வந்துருவான். அப்பா வலையைக்கூட ஒதறாம வந்து படுத்துருவாரு. அதையே நெனைச்சிகினு நீயும் அம்மாவும் நாளு குறிச்சிட்டீங்க. இங்க தலைகீழு. கப்பலு கடல்ல ஓடற அன்னிக்குத்தான் எனக்கு ரெஸ்ட்டு. கரைல கட்டினா அன்னிக்குத்தான் முழு வேலை. ஏன்னா கோல்ஃபு கரைலதானே ஆட முடியும்? ஆடறவங்களோட மட்டைப் பையெல்லாம் நான்தான் பஸ்ஸுல ஏத்தணும், கூடவே மைதானத்துக்குப் போவணும், வெயில்ல நிக்கணும், திரும்பிக் கொண்டாந்து எண்ணி வெக்கணும். கப்பலு அவுக்கறதுக்கு முன்னாடிதான் முடியும்.

ஜனவரி பதினெட்டுல கப்பல்ல இருக்கற முக்காவாசிப் பேரு கரையில சுத்துவான். சமையக்காரன் சுத்துவான், துணி தோய்க்கிறவன் சுத்துவான். நான் மட்டும் கிண்டில ஒரு மைதானத்துல பையைப் பாத்துகினு நிப்பேன். நீ அவங்களுக்குப் புடிச்சுக் குடுத்த மைதானத்துல.

நீ ஒண்ணும் பண்ணாத. நான் பாத்துக்கறேன்.

நாளைக்குக் கெளம்பறோம். பன்னெண்டு பதிமூணு நாளு நடுக்கடல். நெட் சுத்தமா கிடையாது. பயப்படாத.

பாஸ்கர்


நெட்டுக்குப்பம்
19 அக்டோபர்

அன்புள்ள மாமாவுக்கு,

நாளை தீபாவளி. நீங்கள் எந்தத் தண்ணீரில் இருக்கிறீர்களோ, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் நலம். வெடிச் சத்தத்துக்குப் பாப்பா ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நான்தான் வெடித்தேன் என்பது போல.

உங்கள் லெட்டரைப் படித்து முதலில் அழுதேன். பிறகு சிரித்தேன். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, வெறும் வேலை! அதை மூன்று மாதம் மனசில் வைத்துக்கொண்டு இருந்தீர்களா? நான் என்னென்னவோ நினைத்தேன்.

ஒரு இரவு முழுக்க யோசித்தேன். சென்னையில் கோல்ஃப் இருப்பதால்தானே நீங்கள் மைதானத்துக்குப் போக வேண்டும்? சென்னையில் கோல்ஃப் இல்லாவிட்டால்?

தூக்கிவிட்டேன், மாமா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜேக்கப் சாருக்கு எழுதினேன். ஜனவரியில் அந்த மைதானத்தில் புல் மாற்றுகிறார்களாம், அந்த வாரம் வெளியாட்களை விடமாட்டார்களாம் என்று. அப்படி எதுவும் இல்லை. நான் யாரிடமும் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக மாமல்லபுரம், பட்டுக் கடை, நல்ல ஹோட்டலில் வாழையிலைச் சாப்பாடு என்று அழகாக எழுதினேன். அனுப்பியும்விட்டேன். ஜேக்கப் சார் என் வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "நீ சொன்னா சரியா இருக்கும்மா" என்பார். அதுதான் உறுத்துகிறது. ஆனால் யாருக்கும் நஷ்டம் இல்லையே? அவர்கள் மற்ற நாலு ஊரில் ஆடட்டும்.

நீங்கள் ஒன்றும் பண்ணாதே என்று எழுதியிருந்தீர்கள். எப்போதும் நீங்கள் பார்த்துக்கொள்வதாகத்தான் சொல்கிறீர்கள். இந்த ஒரு முறை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கரை சேர்ந்ததும் எழுதுங்கள்.

உங்கள்
சினேகா


நடுக்கடல்
25 அக்டோபர்

என் சினேகாவுக்கு,

எப்டி கீற? தீபாவளிக்கு அம்மா வடை சுட்டாங்களா? மாயா பட்டாசுக்குப் பயந்துச்சா?

நெட் இல்ல. நீ எழுதினது எதுவும் இன்னும் எறங்கல. இது கரை வந்ததும் தானா போவும். அதுவரைக்கும் பொறுக்க முடியாம இப்பவே எழுதி வெக்கறேன்.

தௌசீஃப் ஒத்துகிட்டான்! அன்னிக்கு என் வேலையை நீ பாருன்னு ஆகஸ்ட்டுலேர்ந்து அவனைக் கேட்டுகினு இருக்கேன். அவனுக்கும் அன்னிக்கு வூட்டுக்குப் போவணும்ல, அவங்க அம்மா கல்மண்டபத்துலயே கீறாங்க. கப்பலு நிக்கிற எடத்துலேர்ந்து நடந்தே போயிரலாம். அவன்கிட்ட எப்டி கேக்கறது? கேட்டேன். முடியாதுன்னான். திரும்பக் கேட்டேன். பேசறதையே வுட்டுட்டான். அதான் உனக்கு ஒண்ணும் எழுத முடியல. ஆவும்னும் எழுத முடியல, ஆவாதுன்னும் எழுத முடியல.

முந்தாநேத்து அவனே வந்தான். "மாமு, எங்கம்மாவை நான் இருவத்தாறு வருஷமா பாத்துகினுதான் கீறேன். நீ இன்னும் உன் பொண்ணையே பாக்கல. போ. உன் பெங்களூர் பைங்களை நான் தூக்கறேன்"னான். நான் அவனுக்கு டிசம்பர்ல என்னோட மூணு ரெஸ்ட்டு நாளைக் குடுக்கறேன். மேலாளரு கையெழுத்தும் போட்டுட்டாரு. காகிதம் என் பாக்கெட்டுல கீது.

காலைல ஆறரைக்கு நான் கேட்டுக்கு வெளிய இருப்பேன். யாரும் ஆர்பருக்கு வர வேணாம், கூட்டத்துல கொழந்தையைத் தூக்கிகினு நிக்காத. நானே வூட்டுக்கு வரேன். இன்னா சமைக்கன்னு கேட்டிருந்தல்ல? எறா தொக்கு. அம்மா கையால வேணாம், நீ செய்.

மாயாகிட்ட சொல்லு. எனக்கு பயமா கீது, என்னைப் பாத்து அழுவுமா? அழுதா அழுவட்டும். நான் தாடியை எடுத்துட்டு வரேன்.

மாயா, மாயா, மாயா. போதுமா? இதுவரைக்கும் எழுதாததுக்கும் சேத்து.

உன்
பாஸ்கர்


நெட்டுக்குப்பம்
21 நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நலமா? இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம்தான்.

மூன்று வாரமாகத் தினமும் எழுத உட்கார்ந்து மூடி வைக்கிறேன். கரை வந்து என் தீபாவளி லெட்டரைப் படித்திருப்பீர்கள். அதன் பிறகு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வரி கேட்டிருப்பீர்கள். என்னிடமிருந்துதான் வர வேண்டும்.

கப்பல் சென்னைக்கு வராது.

நான் கோல்ஃபைத் தூக்கியதும், பெங்களூர்க்காரர்கள் அக்டோபர் முப்பதாம் தேதி இரண்டு வரியில் பதில் போட்டார்கள். "ஆட மைதானம் இல்லையென்றால் சென்னை எதற்கு? திரிகோணமலையிலிருந்து நேராகப் புக்கெட் போகிறோம், அங்கே ஒரு நாள் கூடுதலாக ஆடுகிறோம்." அவ்வளவுதான். அவர்கள் வருவதே கோல்ஃபுக்கு, மாமா. இதை நான் எப்படி யோசிக்காமல் போனேன்? இரண்டு வருஷமாக இந்தக் கூட்டங்களுக்குத்தானே எழுதிக் கொடுக்கிறேன்?

உங்கள் லெட்டர் முப்பத்தொன்றாம் தேதி காலை வந்தது. அடுப்பில் பால் இருந்தது. "தௌசீஃப் ஒத்துகிட்டான்" என்ற வரியில் நின்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை வந்து அத்தை ஓடி வந்தார்.

அன்றைக்கே ஆபீஸுக்குப் போய் ஜேக்கப் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய் சொன்னதை, ஏன் சொன்னேன் என்பதை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, தொண்ணூறு பேரை அவன் கப்பலுக்கு அனுப்பறோம். உன் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவு குடுன்னு நான் கேட்டா அவன் குடுக்க மாட்டானா? ஒரு போன்தானே? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார். சொந்த விஷயத்தை ஆபீஸில் பேசக் கூடாது என்றுதானே நினைத்தேன். அவர் உடனே பெங்களூருக்கும் கப்பல் கம்பெனிக்கும் பேசிப் பார்த்தார். புக்கெட்டில் மைதானம் எடுத்தாகிவிட்டது, கப்பல் வழியும் முடிவாகிவிட்டது. வேலையை விட்டு அவர் என்னை அனுப்பவில்லை. ஆனால் இப்போது நான் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறார்.

அத்தையிடம் சொன்னபோது கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மொட்டை அடிக்கறவனுக்குச் சொல்லி வெச்சிட்டேனேடி" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

நீங்கள் ஒன்றும் பண்ணாதே என்றீர்கள். நான் சும்மா இருந்திருந்தால் போதும். சும்மா இருந்திருந்தால் ஜனவரியில் நீங்கள் வாசலில் நிற்பீர்கள்.

திட்டுங்கள். எழுதித் திட்டுங்கள்.

சினேகா


கடல்ல
12 டிசம்பர்

சினேகாவுக்கு,

நல்லா கீறேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.

லெட்டர் வந்துச்சு. பரவால்ல. நீ வேணும்னா செஞ்ச?

தௌசீஃப்கிட்ட சொன்னேன். மொதல்ல சிரிச்சான். அப்புறம் என் மொகத்தைப் பாத்துட்டு சிரிக்கல. மூணு ரெஸ்ட்டு நாளையும் திருப்பி எடுத்துக்கன்னான். குடுத்தது குடுத்ததுதான்னு சொல்லிட்டேன். அவன் தூங்கறான், நான் மட்டை தொடைக்கறேன்.

மொட்டையை நிறுத்த வேணாம். வெற்றி மடியிலதானே உக்காரப் போவுது.

பிப்ரவரி நடுவுல கான்ட்ராக்ட்டு முடியுது. இன்னும் ஒரு ஒம்போது மாசத்துக்குக் கேக்கறாங்க. வூட்டுக்குப் போவாம அப்டியே தொடர்ந்தா கோல்ஃபு வேலைக்கு என்னையே பெரியாளா போடறாங்களாம். ஜனவரி கடைசிக்குள்ள கையெழுத்து கேக்கறாங்க.

வெயிலு அதிகம். உடம்பைப் பாத்துக்க.

பாஸ்கர்


நெட்டுக்குப்பம்
23 ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் நலம். உங்கள் லெட்டர் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்கு வேலை காரணம் இல்லை. எதை எழுதினாலும் அதில் ஒரு ஏற்பாடு வந்துவிடுமோ என்று பயந்தேன்.

பதினெட்டாம் தேதி மொட்டை நடந்தது. எல்லோரையும் அழைத்தாகிவிட்டதே. மாயா வெற்றி மடியில் அவன் சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். முடி போகும்போது அழவில்லை. காது குத்தும்போதுகூட ஒரு வீறல்தான். எல்லாம் முடிந்து தலையில் சந்தனம் தடவியபோது, சில்லென்று இருந்ததோ என்னவோ, அப்படி ஒரு அழுகை. சிலுவையம்மாள் அக்காதான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரை வரை நடந்து சமாதானம் செய்தார். திரும்பி வந்து, "உன் பொண்ணு மொட்டைல உன் வூட்டுக்காரு மாதிரியே கீதுடி" என்றார். கேலி இல்லை. அத்தை பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார். யாரும் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவர்களுக்குள் பேசிவைத்திருக்கிறார்கள் போல. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதியம் எல்லோரும் போன பிறகு, கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டுகிற செயலியைத் திறந்தேன். அந்தமானுக்குத் தெற்கே, நாலு பக்கமும் நீலம், நடுவில் உங்கள் கப்பல். கடலில் ஓடுகிற நாள். உங்களுக்கு அன்று ஓய்வாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது ஒன்று எழுதுகிறேன். இதற்கு முன் எழுதியதில்லை.

பாப்பா உங்களைப் பார்க்க வேண்டும், மொட்டைக்கு அப்பா வேண்டும், அத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்றெல்லாம் எழுதினேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் சென்னையை எழுதியது அவளுக்காக இல்லை. அவளுக்கு இன்னும் யாரும் இல்லாத குறை தெரியாது. வெற்றி மடி போதும், அக்கா தோள் போதும். குறை எனக்குத்தான். வீடு நிறைய ஆள் இருக்கும்போதும் எனக்கு யாரும் இல்லை. இரவில் அவள் மூச்சைக் கேட்க நான் எழுந்துகொள்வதில் பாதி பயம், பாதி, முழித்திருக்கும் இன்னொரு உயிர் வேண்டும் என்கிற ஆசை. அவளை எழுப்பிவிட்டு, எழுந்துவிட்டாளே என்று அத்தையிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. படித்த பெண், வேலைக்குப் போகிறவள், இதற்கெல்லாம் புருஷனைக் கூப்பிடுவாளா என்று. அதனால் கப்பலைக் கூப்பிட்டேன்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று எழுத மாட்டேன். பெரிய ஆள் ஆவது உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். நீங்கள் போட்டால் சண்டை போட மாட்டேன். ஆனால் எனக்கு வேண்டியதைக் கேட்காமலே நீங்கள் போட்டுவிடக் கூடாது. எனக்கு நீங்கள் வர வேண்டும். பிப்ரவரியில். வேறு காரணம் எதுவும் இல்லை.

போட்டுவிட்டீர்களா, இன்னும் இல்லையா என்று தெரியவில்லை. மாத முடிவுக்கு எட்டு நாள் இருக்கிறது. வருகிறேன், இல்லை, இரண்டில் எதுவானாலும் சரி. சீக்கிரம் பதில் போடுங்கள்.

சினேகா